கவுத்த நாற்காலி, நாலு

1

போன செவ்வாய்க்கிழமை எனக்கு இரண்டு வயது நிறைந்தது.

அயர்லாந்தின் மேற்குக் கடலோரத்தில் நான் இருக்கும் சின்ன ஊரில், பக்கவாதம் வந்து பிழைத்தவர்களுக்கென்று ஒரு குழு உண்டு. செவ்வாய்தோறும் காலை பதினோரு மணிக்கு நூலகத்தின் பின்பக்க அறையில் கூடுவோம். டீ, பிஸ்கட், கொஞ்சம் உடற்பயிற்சி, நிறைய வானிலை. பக்கவாதம் வந்த நாளிலிருந்து புதிதாக வயதை எண்ணுவது அங்கே வழக்கம். குழுவை நடத்தும் ப்ரீடா என்ற எழுபது வயது அம்மாளுக்கு அந்தக் கணக்கில் பதினொன்று. எனக்கு இப்போதுதான் இரண்டு. கேக்கில் இரண்டு மெழுகுவத்தி வைத்திருந்தார்கள். ஊதினேன். காற்று வாயின் இடது ஓரமாக ஒழுகிப் போய்ப் பக்கத்தில் இருந்தவரின் முடியைக் கலைத்தது. மெழுகுவத்தி அசையவே இல்லை. மூன்றாம் தடவை ப்ரீடா விரலாலேயே திரியைக் கிள்ளி அணைத்துவிட்டு, "பிரமாதமாக ஊதினாய்" என்றாள். இந்த ஊரில் பொய்யைக்கூட அவ்வளவு மரியாதையாகச் சொல்வார்கள்.

என் பெயர் ஆரோக்கியசாமி. சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்துவிடுங்கள். ஆஸ்பத்திரியில் எங்கள் மலையாளி நர்ஸ்கள் எல்லாரும் சிரித்து முடித்துவிட்டார்கள்.

கேக்கை வெட்டும்போது ஆவடியிலிருந்து ஒரு குரல்செய்தி வந்தது. அறைக்கே கேட்கும்படி போட்டேன். அதில் ஒரே ஒரு சொல்தான்.

"எழுபத்தேழு!"

"உனக்கு எழுபத்தேழு வயதா?" என்று ப்ரீடா பதறிப்போனாள். என்ன சொன்னான் என்று கேட்டதற்கு நேர்மையாக மொழிபெயர்த்ததால் வந்த வினை. எனக்கு ஐம்பத்தெட்டு. செய்தி அனுப்பியவன் எதிராஜ், என் பால்ய சிநேகிதன். அவனுக்கும் பக்கவாதம் வந்தது. என் கால் கையைத் தொட்ட நோய் அவனுடைய பேச்சைத் தொட்டது. வாயைத் திறந்தால் பெரும்பாலும் இந்த ஒரு எண்தான் வரும். வாழ்த்தும் இதுதான், வசவும் இதுதான். குரலை வைத்துக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். போன செவ்வாய் வந்தது வாழ்த்து என்றுதான் நம்புகிறேன்.

அவனைப்பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் என் பெருமையைக் கொஞ்சம் பாடிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

என் மனைவி ஸ்டெல்லா நர்ஸ். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் அவளுக்கு இங்கே வேலை கிடைத்தது. அவள் விசாவில் ஒட்டிக்கொண்டு நானும் வந்தேன். ஸ்டெல்லா மூன்று உருப்படியோடு விமானம் ஏறினாள், அதில் கைப்பிடி இல்லாதது நான் என்று என் மாமனார் சொன்னதாகக் கேள்வி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவன், இங்கேயும் ஒரு கிடங்கில் அதையே ஓட்டினேன். வண்டி அதே வண்டி. வெளியே மட்டும் வெயிலுக்குப் பதில் மழை.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலையில் டீக்கோப்பையை இடது கையால் எடுத்தேன். கோப்பை தரையில் கிடந்தது. கை அதற்கும் தனக்கும் சம்பந்தமில்லாத மாதிரி தொங்கியது. ஸ்டெல்லா என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள், உடனே போனை எடுத்தாள். அவள் வேகத்தால்தான் இன்று இதை எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு வாக்கியத்தைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். 'பேச்சு குழறுகிறது' என்று எழுதப்போனவரை ஸ்டெல்லா தடுத்தாள்: "கொஞ்சம்தான் டாக்டர். மீதி இவருடைய வழக்கமான இங்கிலீஷ்."

கால் ஓரளவு திரும்பி வந்தது. கை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. கூடவே ஒரு விசித்திரமும் ஒட்டிக்கொண்டது. கண்ணில் கோளாறு இல்லை, ஆனால் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதை மூளை மறந்துபோகிறது. தட்டில் வலது பாதியைக் காலி செய்துவிட்டு, சோறு போதவில்லை என்பேன். வலது கன்னத்தை மட்டும் சவரம் செய்துகொண்டு ஞாயிறு பூசைக்குப் போயிருக்கிறேன். பாதிரியார் சவரம் செய்த கன்னத்தை மட்டும் பார்த்துப் பேசினார். மரியாதை.

பயிற்சி கொடுக்க வந்த சின்னப் பெண், உங்கள் இலக்கு என்ன என்று கேட்டாள். இங்கே நோயாளிக்கு இலக்கு இருந்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் படிவம் முன்னே நகராது. "லுங்கியை நானே கட்டிக்கணும்" என்றேன். லுங்கி என்றால் என்ன என்று விளக்கினேன். கையால் வட்டம் போட்டுக் காட்டினேன். அவள் தட்டச்சு செய்ததைப் பிறகு பார்த்தேன்: 'நோயாளி பாவாடை அணிய விரும்புகிறார். ஊக்குவிக்கவும்.'

உதவித்தொகைப் படிவம் முப்பது பக்கத்துக்கு மேல். நிற்காமல் எவ்வளவு தூரம் நடப்பீர்கள் என்று ஒரு கேள்வி. 'பேச்சுத்துணை இருந்தால் ஆவடியிலிருந்து பட்டாபிராம் வரை' என்று எழுதினேன். ஸ்டெல்லா அதை அடித்துவிட்டு 'ஐம்பது மீட்டர்' என்று போட்டாள். பணம் வந்தது.

மகள் நான்சி டப்ளினில் வேலை பார்க்கிறாள். ஆறு வயதில் இங்கே வந்தவள். அவள் தமிழ் இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறக்கும் கடை. என் மேல் பிரியம் உண்டு, நேரம் இல்லை. அதனால் ஒரு கைக்கடிகாரம் அனுப்பினாள். நான் கீழே விழுந்தால் அது தானாகவே அவளைக் கூப்பிடும். விழுவதற்கும் ஓங்கித் தட்டுவதற்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. இந்த ஊரில் பிரச்சினை இல்லை, தட்டுவதற்கு இங்கே ஒன்றுமில்லை. ஆவடிக்குப் போனபிறகுதான் தெரிந்தது. முதல் நாள் சாயங்காலம் மட்டும் ஐந்து முறை கூப்பிட்டது.

"அப்பா! ஆர் யூ ஓகே?"

"கொசும்மா."

3

எதிராஜுக்கு வருவோம்.

எங்கள் அப்பாக்கள் இருவரும் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலைக்காரர்கள். குவார்ட்டர்ஸில் அடுத்தடுத்த வீடு. அவன் வீட்டுக் குழம்பு கொதித்தால் என் வீட்டில் தட்டு எடுப்பார்கள். பிறகு அவனும் அதே தொழிற்சாலையில் ஃபிட்டரானான். கஸ்தூரியைக் கட்டிக்கொண்டு பருத்திப்பட்டு ஏரிப்பக்கம் வீடு கட்டினான்.

எங்கள் பங்குக் கோயில் திருவிழாவில் ஞாயிறு மதியம் தம்போலா நடக்கும். ஆளுக்கொரு சீட்டு, மூன்று வரிசையில் பதினைந்து எண்கள். பையிலிருந்து ஒவ்வொரு வில்லையாக எடுத்து எண்ணைக் கூவுவார்கள். இருந்தால் அடித்துக்கொள்ள வேண்டும். முதலில் எல்லாவற்றையும் அடித்தவர் 'ஹவுசி' என்று கத்தினால் பரிசு. பரிசு என்றால் பிளாஸ்டிக் பக்கெட், டிபன் பாக்ஸ், பெரிய பரிசாக ஒரு குடம். எண்ணைக் கூவுவது இருபது வருடத்துக்கும் மேலாக எதிராஜ்தான். அவன் எங்கள் கோயில் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாத பெருமாள் பக்தன். ஆனால் வேறு யார் கூவினாலும் ஜனங்கள் சீட்டைக் கீழே வைத்துவிடுவார்கள்.

காரணம், அவன் வெறும் எண்ணைச் சொல்ல மாட்டான். ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் வைத்திருந்தான். "ஒத்தப் பனமரம்..." என்பான். கூட்டம் "ஒண்ணு!" என்னும். "ரெட்ட வாத்து, இருபத்திரண்டு. மூக்குக் கண்ணாடி, எண்பத்தெட்டு. கவுத்த நாக்காலி, நாலு." 4 என்று எழுதிப் பாருங்கள், தலைகீழாகக் கவிழ்த்த நாற்காலி மாதிரிதான் இருக்கும். எழுபத்தேழுக்கு, "ரெண்டு பேரும் கைத்தடி!" 7 என்பதும் கைப்பிடி வளைந்த தடி மாதிரிதான் இருக்கும்.

எனக்கு வந்து பத்து மாதம் கழித்து அவனுக்கு வந்தது. எனக்கு இடது பக்கம், அவனுக்கு வலது பக்கம், கூடவே பேச்சு. சொல்வதெல்லாம் அவனுக்குப் புரியும். சொல்ல நினைப்பது தெளிவாக உள்ளே இருக்கும். கதவைத் திறந்தால் எழுபத்தேழு வெளியே வந்து நிற்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த வாரமே, தம்போலாப் பையைக் கஸ்தூரியிடம் கொடுத்து, பங்குத் தந்தையிடம் திருப்பிக் கொடுத்துவிடும்படி சைகை காட்டிவிட்டான். அந்தப் பச்சைத் துணிப்பை அவ்வளவு வருடமும் அவன் வீட்டுச் சாமி அலமாரிக்குக் கீழ்த்தட்டில் இருந்தது.

அதன்பிறகு வாசல்பக்கம் வருவதில்லை. யார் வந்தாலும் உள்ளறைக்குப் போய்விடுவான். ஏரிக்கரை நடை இல்லை, டீக்கடை இல்லை. நான் வாரம் இரண்டு முறை வீடியோவில் கூப்பிட்டேன். ப்ரீடாவின் குழுவில் கற்ற பாடத்தையெல்லாம் அவன்மேல் இறக்கினேன். நாலு விரலைத் தூக்கிக்காட்டி, "எங்க, சொல்லு மச்சான். நா... லு... நாலு!" என்பேன். அவன் என்னையே பார்ப்பான். பிறகு திரையில் மின்விசிறி தெரியும். போனைக் கட்டிலில் கவிழ்த்துவிட்டான் என்று அர்த்தம்.

"அவரு இப்டியே குந்திக்கினு இருந்தா ஊட்டுக்குள்ளயே போய்டுவாரோன்னு பயமா கீதுண்ணா," என்றாள் கஸ்தூரி ஒரு நாள்.

டிக்கெட் போட்டேன். ஆறு வாரம். திருவிழா அந்த ஆறாவது வாரத்தில் வந்தது.

4

வெளிநாட்டிலிருந்து வருகிறவன் சும்மா வரமாட்டான், திட்டத்தோடு வருவான். நானும் கொண்டுவந்தேன். ஆவடியிலும் ஒரு குழு. அதே மாதிரி வட்டமாக நாற்காலி, டீ, பிஸ்கட், இலக்குப் படிவம். படிவத்தை உட்கார்ந்து தமிழில் பெயர்த்து ஐம்பது பிரதி எடுத்தேன். பிஸ்கட்டைக்கூட அயர்லாந்திலிருந்து தூக்கிவந்தேன் என்று சொன்னால் என்னைப்பற்றி உங்களுக்கு ஒரு முடிவு கிடைத்துவிடும்.

தங்கியது திருநின்றவூரில், தங்கை வீட்டில். பங்குத் தந்தை கோயில் மண்டபத்தைக் கொடுத்தார். பூசையில் அறிவித்தார். இரண்டு மருந்துக்கடையில் காகிதம் ஒட்டினோம். சனிக்கிழமை பத்து மணிக்கு நாற்பது நாற்காலியை வட்டமாகப் போட்டுக் காத்திருந்தேன். வட்டம் அழகாக வந்திருந்தது. இடது பக்கம் பாதி வட்டம் கோணலாக இருந்ததை என் தங்கை பிறகு சொன்னாள்.

பத்தரைக்கு ஒருவர் வந்தார். இலவசமாகக் கண் பார்க்கிறார்களா என்று கேட்டார். இல்லை என்றதும் ஒரு டீயைக் குடித்துவிட்டுப் போனார். பதினொன்றுக்குக் கஸ்தூரி வந்தாள், தனியாக.

"வரலண்ணா. கிளம்பலாம்னு சொன்னேன். எழுபத்தேழுன்னுட்டு கதவ சாத்திக்கினாரு. அந்த எழுபத்தேழு நல்ல எழுபத்தேழு இல்லண்ணா."

"மத்தவங்கல்லாம் எங்கம்மா? இந்தப் பக்கம் யாருக்குமே பக்கவாதம் இல்லையா?"

"ஏன் இல்ல? நெறைய பேர் கீறாங்க. ஆனா இங்க வந்து வட்டமா குந்தி இன்னா பண்றது? நம்ம நெலமைய நாமே ஊருக்குக் காட்டற மாதிரி இல்ல?"

"அப்ப எதிராஜ் வெளியே எங்கயுமே போறதில்லையா?"

"காலைல பாபு ஆட்டோல ஏறுவாரு. பூந்தமல்லிக்கு, எக்சசைசுக்கு. அதுல மட்டும் ஒரு நாள் தவறாம ஏறுவாரு. அதுல சிரிக்கக்கூட சிரிப்பாருண்ணா."

எனக்குக் கோபம் வந்தது. பன்னிரண்டாயிரம் மைல்... சரி, அவ்வளவு இருக்காது. எத்தனையோ மைல் பறந்து வந்திருக்கிறேன். என்னிடம் சிரிக்காதவன் ஆட்டோவில் சிரிக்கிறானா? கோபத்தில் தொடையில் ஓங்கித் தட்டினேன். நான்சி கூப்பிட்டாள்.

5

திங்கள்கிழமை காலை ஏழரைக்கு நானும் பாபுவின் ஷேர் ஆட்டோவுக்காகத் திருநின்றவூரில் நின்றேன். எதிரும் புதிருமாக இரண்டு இருக்கை வைத்த பெரிய ஆட்டோ. பாபுவுக்கு நாற்பது வயதிருக்கும். என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"எந்த சைடு அண்ணாத்தே?"

"என்னது?"

"அவுட்டானது எந்த சைடு?"

"இடது."

"அப்போ இப்டி வா, ரைட்டு ஓரம். நல்ல கை கம்பிய புடிக்கணும். வேலைக்கு ஆவாத கையெல்லாம் நடுவுல. அதான் இந்த வண்டில ரூல்சு."

இங்கே அயர்லாந்தில் மூன்று நிபுணர்கள் என்னை எப்படி உட்காரவைப்பது என்று ஒரு கூட்டம் போட்டார்கள். பாபு ஒரே கேள்வியில் முடித்துவிட்டான். அவனுடைய அப்பாவுக்கு இது வந்தபோது தினம் பூந்தமல்லிக்கு அழைத்துப்போனானாம், வழியில் இன்னும் சிலரை ஏற்றிக்கொண்டு. அப்பா போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் அந்தச் சிலர் போன் போட்டு, நாளைக்கு வண்டி வருமா என்று கேட்டார்கள். "இன்னா பண்றது, வந்துட்டேன்," என்றான். அவ்வளவுதான் அவன் சொன்ன கதை.

ஆவடியில் ராணியக்கா ஏறினாள். மார்க்கெட்டில் பூக்கடை வைத்திருந்தவள், எங்கள் கோயில்காரி. இப்போது ஒரு கால் சொன்னபடி கேட்காது, வாய் மட்டும் சகல சௌக்கியம். பருத்திப்பட்டில் எதிராஜ் கஸ்தூரியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தான். என்னைப் பார்த்ததும் நின்றான். திரும்பிப் போய்விடுவான் என்று நினைத்தேன். பாபு ஹாரன் அடித்தான்.

"ஏறு நைனா, லேட்டாவுது. பாரின் சரக்கு உன்னிய கடிக்காது."

ஏறினான். அவனுக்கு இடது கை நல்ல கை, அதனால் இடது ஓரம். ஆக, என்னுடைய செத்த கையும் அவனுடைய செத்த கையும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கொண்டன. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தபோதுகூட நாங்கள் இப்படிக் கையோடு கை வைத்துக்கொண்டதில்லை.

வண்டி கிளம்பியது. எதிர் இருக்கையிலிருந்து ராணியக்கா ஆரம்பித்தாள்.

"இன்னா எதிராஜு, காலைல எத்தினி இட்லி துன்ன?"

"எழுபத்தேழு."

"பாத்தியா கஸ்தூரி, இவருக்குத் தனியா மாவரைக்கணும் நீ."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேச்சு போனவரைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது, அவசரப்படுத்தக்கூடாது, அமைதியாகக் காத்திருக்க வேண்டும். ப்ரீடாவின் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது. திரும்பிப் பார்த்தேன். எதிராஜ் சிரித்துக்கொண்டிருந்தான். வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே போகிற அந்தச் சிரிப்பு எனக்குக் கண்ணாடியில் பழக்கம்.

"இந்தப் பாரின்காரருக்கு எவ்ளோ நாளு லீவாம்?" என்று அடுத்த கேள்வி.

"எழுபத்தேழு," என்றான், என்னைப் பார்க்காமல், ஒரு பெருமூச்சோடு. வண்டியே குலுங்கியது. அந்தப் பெருமூச்சின் அர்த்தம் எனக்கே புரிந்தது: இந்த இம்சை எப்போது ஊருக்குப் போகும்?

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் யாரும் அவனைத் திருத்தவில்லை. அவன் கொடுத்த எண்ணை வாங்கிக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தார்கள். நான் ஒருவன்தான் நாலு விரலைத் தூக்கிக்கொண்டு அவனுக்கு வாத்தியார் வேலை பார்த்திருக்கிறேன். நாலாம் வகுப்பில் கணக்கில் ஃபெயிலான நான்.

திரும்பும்போது அவர்கள் வீட்டில் இறங்கினேன். கஸ்தூரி இட்லி வைத்தாள். வலது பக்கத்து இரண்டைச் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் ரெண்டு போடும்மா" என்றேன். எதிராஜ் இடது கையை நீட்டி என் தட்டை அரை வட்டம் திருப்பினான். இடது பக்கம் ஒளிந்திருந்த இரண்டு இட்லியும் என் கண் முன்னால் வந்து நின்றன.

"எழுபத்தேழு," என்றான்.

நல்ல எழுபத்தேழு.

6

அதன்பிறகு தினமும் அந்த ஆட்டோதான். ஐம்பது படிவமும் ராணியக்காவின் வீட்டில் பூ மடிக்கப் போயின.

நாலாவது வாரத்தில் ஒரு காலை, பூந்தமல்லி சாலையில் நெரிசலில் நின்றோம். எங்களுக்கு முன்னால் ஒரு குட்டி யானை சரக்கு வண்டி. கல்யாணத்துக்குப் போகும் வாடகை நாற்காலிகளைக் கால் மேலே தெரியக் கவிழ்த்து அடுக்கியிருந்தார்கள். எல்லாரும் கடையில் வாங்கவேண்டிய கறிவேப்பிலையைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். எதிராஜ் முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு சொன்னான்:

"கவுத்த நாக்காலி..."

ராணியக்கா யோசிக்கவே இல்லை. வருடக்கணக்கான பழக்கம். "நாலு!" என்று கத்தினாள். கத்திவிட்டுத் தன் வாயையே பொத்திக்கொண்டாள்.

பின்னால் இருக்கிறவர்கள் ஹாரன் அடித்தார்கள். பாபு நகர்த்தவில்லை. கஸ்தூரி மெதுவாக, "ரெட்ட..." என்றாள்.

எதிராஜின் உதடு திறந்தது. மூடியது. "வாத்து," என்றான்.

எண் வரவில்லை. எண்ணின் பேர் வந்தது. தினம் பேசுகிற சொல்லெல்லாம் எங்கேயோ சிக்கிக் கிடக்க, ஆயிரம் தடவை கூவிய கூவல் மட்டும் வேறு வழியாக இறங்கி வந்துவிட்டது. பயிற்சி மையத்தில் சொன்னோம். பேச்சு இழந்தவர்களுக்கு மனப்பாடமான வரி சில சமயம் அப்படி வரும் என்றார்கள். அன்றிலிருந்து வண்டிக்குள் தினமும் அதுதான் வேலை. சிலது உடனே வந்தது, சிலது நாலு நாள் கழித்து வந்தது. கைத்தடி வரவே இல்லை. அது வரவேண்டிய இடத்தில் எழுபத்தேழு தானே வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த ஒரு எண்ணை மட்டும் அவனால் நேரடியாகச் சொல்ல முடிந்தது என்பதில் ராணியக்காவுக்குத் தாங்கமுடியாத சந்தோஷம்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை திரும்பும் வழியில் பாபு யாரையும் கேட்காமல் வண்டியைக் கோயில் வாசலில் நிறுத்தினான். ராணியக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே பங்குத் தந்தையைக் கூப்பிட்டாள்.

"ஃபாதர், அந்தப் பச்சப் பைய குடுங்க."

பங்குத் தந்தை இளைஞர், நல்லவர், கொஞ்சம் திகைத்தார். "எதிராஜ் சார் முடியாதுன்னு குடுத்து அனுப்பிட்டாரேம்மா. இந்த வருஷம் செல்போன் ஆப்புல போடலாம்னு கமிட்டில முடிவு பண்ணிட்டோம். அதுவே நம்பர் எடுத்து, அதுவே கூவிடும்."

"ஆப்புக்கு வாத்து தெரியுமா ஃபாதர்?"

அவர் அலுவலகத்துக்குள் போய்ப் பையை எடுத்துவந்தார். எதிராஜ் இந்த நேரமெல்லாம் முகத்தை வெளிப்பக்கம் திருப்பி, கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தான். பையை அவன் மடியில் வைத்தார். அவன் கம்பியை விடவில்லை. பை சரிந்து, நடுவில் எங்கள் இரண்டு செத்த கைமேல் விழுந்தது. தொண்ணூறு மரவில்லைகள். கனமாகத்தான் இருந்தது. அவன் முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. இறங்கும்போது மட்டும் பையைக் கஸ்தூரி எடுத்துக்கொண்டதைப் பார்த்தான், தடுக்கவில்லை.

7

திருவிழா ஞாயிறு மதியம் மூன்று மணி. கோயில் மைதானத்தில் பந்தல், கீழே நானூறு பேர், கையில் சீட்டும் பேனாவும். மேடையில் எதிராஜுக்கு ஒரு நாற்காலி. அதில் யாரும் இல்லை. மூன்றரை ஆனது. கமிட்டிக்காரர் செல்போனை மைக்குக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு பெண் குரல், விமான நிலையத்தில் பேசுமே அது, "நம்பர். ட்வென்ட்டி. டூ." என்றது. என் பக்கத்தில் ராணியக்கா சீட்டை மடியில் கவிழ்த்தாள். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் இன்று வராவிட்டால் இனி அந்தப் பையைத் தொடமாட்டான் என்று எங்கள் வண்டியில் எல்லாருக்கும் தெரியும்.

ஹாரன் கேட்டது. பாபுவின் ஆட்டோ மைதானத்துக்குள் வந்து, ஜனங்களை ஒதுக்கிக்கொண்டு மேடைக்குக் கீழே நின்றது. இடது ஓரத்தில் எதிராஜ், வெள்ளைச் சட்டையோடு. பக்கத்தில் கஸ்தூரி, மடியில் பச்சைப் பை. பாபு இறங்கிவந்து கமிட்டிக்காரரிடம் சொன்னான்:

"மைக்க வண்டிக்குள்ள குடு தலிவா. அவரு எறங்க மாட்டாரு. வண்டிலதான் வாய் தொறக்கும்."

செல்போனை நிறுத்தி, ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கினார்கள். மைக் கம்பி நீண்டு வண்டிக்குள் போனது. எதிராஜ் இடது கையால் பையில் துழாவி ஒரு வில்லையை எடுத்தான். பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். மைக்கில் அவன் மூச்சு மட்டும் கேட்டது.

"எழுபத்தேழு," என்றான்.

பேனாக்கள் சீட்டில் இறங்கின. கஸ்தூரி அவசரமாக வில்லையை உயர்த்திக் காட்டினாள். இருபத்திரண்டு. ஒரு நொடி நானூறு பேரும் விழித்தார்கள். பின்வரிசையிலிருந்து யாரோ சிரித்தார்கள். எதிராஜின் கை கம்பிக்குப் போய்விட்டது. இவ்வளவுதான், வண்டி திரும்பப்போகிறது என்று நினைத்தேன்.

ராணியக்கா உட்கார்ந்தபடியே கையை ஊன்றிக் கத்தினாள்: "யோவ் எதிராஜு! ரெட்ட இன்னாய்யா?"

"வாத்து," என்றான்.

"இருபத்திரண்டு!" என்றது பந்தல்.

அப்புறம் நிற்கவில்லை. வில்லை வரும், கூவல் வரும், கூட்டம் எண்ணைச் சொல்லும். கூவல் வராவிட்டால் எழுபத்தேழு வரும், கஸ்தூரி வில்லையைக் காட்டுவாள், அதற்கும் கூட்டமே கூவும். அவனுடைய பாட்டை இருபது வருடமாகக் கேட்டவர்களுக்கு அவனை நிரப்பிக்கொள்ளத் தெரிந்திருந்தது. நிஜமான எழுபத்தேழு வந்தபோது மைதானமே எழுந்து கைதட்டியது. நானும் தொடையில் தட்டினேன். நான்சி கூப்பிட்டாள். "வாட்ஸ் தட் நாய்ஸ், அப்பா?" போனை உயர்த்திப் பிடித்தேன். சட்டைப்பையில் போட்டபிறகும் அவள் வைக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள்.

என் சீட்டில் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. பெரிய எண்களை அடித்துவிட்டேன். சின்ன எண் வரும்போதெல்லாம் தேடினேன், கிடைக்கவில்லை. எரிச்சல் ஏறியது.

"கவுத்த நாக்காலி!" என்றான் எதிராஜ்.

"நாலு!" என்றது பந்தல்.

என்னால் தாங்கமுடியவில்லை. எழுந்து கத்தினேன். "டேய் மச்சான், இன்னாடா பை வச்சிருக்க? ஒரு மணி நேரமா எனக்கு ஒரு சின்ன நம்பர்கூட வரலடா!"

எதிராஜ் என்னைப் பார்த்தான். என் கையிலிருந்த சீட்டைப் பார்த்தான். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலை முதலில் வைத்து, வண்டியிலிருந்து இறங்கினான்.

"ஹவுசி!" என்று ராணியக்கா கத்தியதை யாரும் கவனிக்கவில்லை. அவன் அந்தக் காலை இழுத்து இழுத்து, நானூறு பேர் நடுவில், பத்தடி நடந்து என்னிடம் வந்தான். கஸ்தூரி எழுந்திருக்கப் போனாள், பாபு கையமர்த்தினான். எதிராஜ் இடது கையை நீட்டி என் சீட்டைப் பிடித்து, இட்லித் தட்டைத் திருப்பின மாதிரி, அரை வட்டம் திருப்பினான்.

இவ்வளவு நேரமும் இடது பக்கம் ஒளிந்திருந்த சின்ன எண்களெல்லாம் வலது பக்கம் வந்து வரிசையாக நின்றன. எல்லாமே அவன் கூவி முடித்தவை. ஓரத்தில் நாலு. சீட்டு தலைகீழாக இருந்ததால் அந்தக் கவுத்த நாற்காலி நிமிர்ந்து நின்றது.

"ஹவுசி!" என்று கத்தினேன்.

"லேட்டு சாமி," என்றாள் ராணியக்கா. குடத்தை ஏற்கெனவே அவளிடம் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள்.

எதிராஜ் என்னை மேலும் கீழும் பார்த்தான். "எழுபத்தேழு," என்றான். கையில் மைக் இல்லாமலேயே பின்வரிசை வரை கேட்டது. மைதானம் முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. போனுக்குள் நான்சியும் சிரித்தாள்.

இரண்டாவது ஆட்டத்துக்குச் சீட்டுக் கொடுக்க ஆரம்பித்தார்கள். பாபு வண்டிக் கதவருகே காத்திருந்தான். எதிராஜ் அந்தப் பக்கம் போகவில்லை. மேடையில் காலியாக இருந்த நாற்காலியைக் காட்டி, அதை இங்கே கீழே கொண்டுவரும்படி கையை அசைத்தான். கொண்டுவந்து போட்டார்கள். எனக்கு இடது பக்கத்தில் போடச் சைகை காட்டி, அதில் உட்கார்ந்தான்.